பத்தாயத்து மூடி

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், அதிலும் மாணவர்களுக்குத் தைரியம் சொல்லியே காலம் கழித்த ஓர் ஆசிரியர், ஒரு சாண் துணிக்கு அஞ்சி நடுங்கினார் என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். நகைத்தாலும் தாழ்வில்லை. அந்த ஆசிரியர் நாமே. அச்சத்தை மட்டும் சொல்வதாயின் இக்கட்டுரை தேவைப்பட்டிராது. அந்த அச்சத்தை மறைக்க நாம் எதைப் போர்வையாக்கினோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்ததையும், பள்ளிவாசல்களின் கதவுகள் அடைபட்டதையும், ரமலான் மாதம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழித்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் முகக்கவசம் நமக்குப் பெரிய இடரைத் தரவில்லை. கடைத்தெருவுக்குப் போக ஐந்து நிமிடம் அணிந்தோம். திரும்பும் வழியில் தாடைக்கு இறக்கிக்கொண்டோம். தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் திறக்கப்பட்ட செப்டம்பர் 1ஆம் நாள்தான் சோதனை வந்தது.

அன்று லுஹர் தொழுகைக்கு ஆவலுடன் சென்றோம். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, எல்லாரும் முகக்கவசத்துடன் நின்றோம். முதல் ரக்அத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ரக்அத்தில் ஸஜ்தாவிற்குச் சென்றபோது நாம் விட்ட மூச்சே சூடாகத் திரும்பி வந்து முகத்தில் மோதியது. அடுத்த மூச்சை அவசரமாக இழுத்தோம். துணி மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. இதயம் உரலில் விழும் உலக்கை போல இடித்தது. விரல் நுனிகள் மரத்தன. இந்த இடத்திலேயே உயிர் பிரியப் போகிறது என்ற எண்ணம், ஐயத்திற்கு இடமின்றி, ஓர் உண்மையைப் போல மனத்தில் வந்து அமர்ந்தது. தொழுகையை முறித்துக்கொண்டு வெளியே ஓடினோம். ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, கவசத்தைப் பிய்த்தெறிந்து, நீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டோம். முப்பது ஆண்டுகளில் நாம் முறித்த முதல் தொழுகை அது.

தொழுகை முடிந்து வந்தவர்கள், “என்ன ஹஸ்ரத், உடம்புக்கு என்ன?” என்று சூழ்ந்துகொண்டார்கள். “பயந்துவிட்டோம்” என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அந்தச் சொல் வாயில் வரவில்லை. “தொழுகையில் வாயை மூடிக்கொள்வது மக்ரூஹ் அல்லவா! அதனால்தான் நமக்கு மனம் ஒப்பவில்லை” என்றோம்.

நாம் சொன்னது பொய்யன்று. தொழுகையில் வாயை மூடுவது விரும்பத்தகாதது என்பதற்கு நபிமொழி உண்டு. கிதாபுகளிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் தேவை வரும்போது அந்த வெறுப்பு நீங்கிவிடும் என்ற விதியையும் அதே சட்டக் கலையே கற்பிக்கிறது. கொட்டாவி வரும்போது கையால் வாயை மூடிக்கொள்ள வழி காட்டியிருப்பதும் அந்த நூல்களே. அந்த ஆண்டில் உலகெங்கும் அறிஞர்கள் நோய்த்தடுப்பிற்காகக் கவசத்துடன் தொழலாம் என்றே விளக்கம் தந்தார்கள். இவை அனைத்தும் நமக்குத் தெரியும். தெரிந்த இரண்டில் ஒன்றைச் சொல்லி, மற்றொன்றை விழுங்கினோம். பாதி உண்மையை முன்னே நிறுத்தி, அதன் பின்னே நாம் ஒளிந்துகொண்டோம்.

இரண்டு வாரங்கள் சென்றன. நாம் வீட்டிலேயே தொழுதுவந்தோம். ஒரு நாள் மாலை பள்ளிவாசல் வழியே சென்றபோது மோதினார் திண்ணையில் நாலு பேருடன் நெருக்கமாக அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயதை எட்டியவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. அவர் முகத்தில் கவசம் இல்லை. “எங்கே மோதினாரே, முகக்கவசம்?” என்று கேட்டோம். அவர் மலர்ந்த முகத்துடன், “நீங்கள்தானே மக்ரூஹ் என்று சொன்னீர்கள் ஹஸ்ரத்! அன்றைக்கே கழற்றிவிட்டேன்” என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை. அவருக்கு எந்த நோயும் வந்துவிடவில்லை. ஆயினும் நம் நடுக்கம் இன்னொருவர் வாயில் மார்க்கத் தீர்ப்பாக மாறிவிட்டதை நம் காதாலேயே கேட்டுவிட்டோமே! அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் எவரிடம் போய்க் கணக்குச் சொல்வோம்? படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நினைத்துப் பார்க்காத ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

நமக்கு ஒன்பது வயது. திருவாரூர்ப் பக்கத்தில் நன்னியின் வீடு. கூடத்தின் மூலையில் ஆளுயரத்திற்கு மேல் நிற்கும் மரப் பத்தாயம். அறுவடைக்கு முந்தைய காலம். ஆதலால் உள்ளே நெல் இல்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் நாம் ஏறி உள்ளே குதித்து ஒளிந்துகொண்டோம். வயதில் மூத்த மச்சான் ஒருவர் விளையாட்டாக மூடியைப் போட்டு, அதன்மேல் ஒரு மூட்டையையும் தூக்கி வைத்துவிட்டார். அதற்குள் யாரோ அவரைச் சாப்பிட அழைத்திருக்கிறார்கள், போய்விட்டார். உள்ளே கும்மிருட்டு, நெல் தூசி, சுணை. கத்தக் கத்தத் தூசி தொண்டைக்குள் போயிற்று. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கால் மணி நேரமும் இருக்கலாம். ஐந்து நிமிடமும் இருக்கலாம். நன்னிதான் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆட்களைக் கூப்பிட்டு வெளியே எடுத்தார்கள். முற்றத்தில் உட்கார வைத்து, குளிர்ந்த நீரால் முகத்தைக் கழுவி, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே, “மூச்சை இழுக்காதே ராசா, முதலில் வெளியே விடு. விட்டால் அது தானாக வரும்” என்றார்கள். அந்தச் சொல்லும் அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் நம்மிடம் ஓதிய ஒரு மாணவரைத் தேடிப் போனோம். அவர் இப்போது நம் ஊரிலேயே மருத்துவராக இருக்கிறார். ஆசிரியர் மாணவரிடம் அச்சத்தைச் சொல்வது எளிதன்று. தலை குனிந்தே சொன்னோம். அவர் நகைக்கவில்லை. விரல் நுனியில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். கவசம் இல்லாமல் 98 காட்டிற்று. கவசத்தை அணியச் சொல்லிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். நமக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியபோது கருவியைக் காட்டினார். அப்போதும் 98.

“ஹஸ்ரத், உங்களுக்குக் காற்றுக் குறையவே இல்லை. துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, நீர்த்திவலையைத் தடுக்குமே தவிர, பிராணவாயுவைத் தடுக்காது. வாயுவின் மூலக்கூறு அவ்வளவு சிறியது. அச்சம் வந்ததும் நீங்கள் வேக வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். அதனால் இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் மரப்பதும், தலை சுற்றுவதும், நெஞ்சு இறுகுவதும் அதனால்தான். காற்றுப் போதவில்லை என்று தோன்றும். உண்மையில் அளவுக்கு மிஞ்சி வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார்.

பிறகு வழியும் சொன்னார். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விட வேண்டும். முதல் நாள், வீட்டில், சன்னலோரத்தில், இரண்டே நிமிடம் அணிய வேண்டும். நாளுக்கு நாள் சிறிது கூட்ட வேண்டும். “ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது கழற்றினால், கழற்றியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பாடம் படித்துவிடும். சற்றே தணியும் வரை பொறுத்து, பிறகு கழற்றுங்கள். அப்போதுதான், அச்சம் தானாகவே இறங்கும் என்பதை அது கற்கும்” என்றார். நன்னி விசிறியோடு சொன்னதைத்தான் அவர் ஆக்ஸிமீட்டரோடு சொன்னார்.

வீட்டிற்கு வந்தபின் ஒரு பழைய பெரியாரின் நினைவு வந்தது. பல்கு நகரத்தைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, கி.பி. 934இல் மறைந்தவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற அவருடைய நூலின் ஒரு பகுதி உடலின் நலத்தையும், மற்றொரு பகுதி மனத்தின் நலத்தையும் பேசுகிறது. கோபம், அச்சம், துயரம், ஓயாத வீணெண்ணம் ஆகிய நான்கையும் அவர் பாவமென்று ஒதுக்கிவிடவில்லை. உடலுக்குக் காய்ச்சல் வருவது போல மனத்திற்கு வரும் நோய்கள் என்று கொண்டு, சிகிச்சை சொல்கிறார். திடீரென வரும் நோய்க்காக வீட்டில் மருந்தைச் சேர்த்து வைப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அஞ்சும் பொருளை விட்டு ஓடாமல், அதனிடம் மீண்டும் மீண்டும் சென்று பழகுவதையும் அவர் மருந்தாகச் சொல்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அரபியில் எழுதப்பட்டதை, அரபி படித்த நாம் மருத்துவரிடம் போய்வந்த பிறகுதான் நினைத்தோம்! மக்ரூஹ் மட்டும் கேட்ட மாத்திரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று நாமும் ஓர் எண்ணத்தைச் சேர்த்து வைத்தோம். ‘பத்தாயத்தின் மூடி வெளியே இருந்தது, பிறர் கையில் இருந்தது. இதன் முடிச்சோ நம் பிடரியில் இருக்கிறது. நம் கையில் இருக்கிறது.’ அவ்வளவுதான். இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் அந்நாளில் நமக்கு உதவவில்லை.

இனி மோதினாரிடம் போக வேண்டும். அஸருக்குப் பின்பு பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அவரைத் தனியே கண்டு, “மோதினாரே, அன்று நாம் சொன்னது முழுச் சட்டம் அன்று. தேவைக்காகக் கவசம் அணிந்து தொழலாம். நாம் வெளியே ஓடியது மார்க்கத்திற்காக அன்று, பயத்தால் ஓடினோம்” என்றோம். நாக்கு உலர்ந்துபோயிற்று. அவர் நம்மைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “உண்மையைச் சொல்லட்டுமா ஹஸ்ரத்? எனக்கும் அதைப் போட்டால் மூச்சு முட்டும். வெளியே சொல்ல வெட்கம். நீங்கள் மக்ரூஹ் என்றதும், நல்லதாகப் போயிற்று என்று கழற்றிவிட்டேன்” என்றார்.

ஒருவர் சட்டத்தின் பின்னே ஒளிந்தார். மற்றவர் அவருடைய முதுகின் பின்னே ஒளிந்தார். இதுதான் நடந்தது.

அன்று முதல் நாங்கள் இருவரும் கூட்டாளிகள் ஆனோம். நாள்தோறும் அஸருக்குப் பிறகு ஹவுளின் ஓரத்தில் ஆறடி தள்ளி அமர்ந்து பழகினோம். ஒளுச் செய்து முகத்தைக் குளிரவைத்துக்கொண்டு கவசத்தை அணிவோம். முகத்தில் குளிர்ச்சி பட்டால் மூச்சுத் திணறும் உணர்வு குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காதில் மாட்டும் வகை நமக்கு ஒத்துவரவில்லை. நம் இல்லத்தார் பழைய வேட்டியைக் கிழித்து, பிடரியில் முடியும்படி நாடா வைத்து, மூக்கின் முன்னே சற்று இடம் இருக்குமாறு தைத்துத் தந்தார்கள். வியர்வையில் நனைந்ததும் மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று கையில் இருக்கும். முதல் நாள் இரண்டு நிமிடம். ஒரு வாரத்தில் பத்து நிமிடம். இடையில் ஒரு நாள் பழைய அச்சம் முழு வேகத்தோடு வந்து, கழற்றி எறிந்துவிட்டோம். மறுநாள் மறுபடியும் இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்கினோம்.

பொழுது போவதற்காக ஏதேனும் பேசுவோம். மோதினாரின் தகப்பனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களின் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். நாம் அவருக்கு அந்தப் பினாங்கில் 1879இல் பிறந்த சீன மருத்துவர் வூ லியன் தே அவர்களின் கதையைச் சொன்னோம். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, இந்நோய் மூச்சுக் காற்றின் வழியே தொற்றுகிறது என்று கண்டறிந்து, வலைத்துணிக்கும் பஞ்சுக்கும் கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னவர் அவர். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவத்தில் மூத்தவர். அந்த இளைஞரின் சொல்லை ஏற்கவில்லை. கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார்; சில நாட்களில் அதே நோய்க்கு இரையானார். அறுபதாயிரம் பேர் அளவில் மாண்ட அந்தக் கொள்ளைநோய் 1911இல் அடங்கியது. கதையைக் கேட்ட மோதினார், “அவர் பயத்தால் மறுத்தாரா, பெருமையால் மறுத்தாரா?” என்று கேட்டார். பெருமையால் என்றே சொல்கிறார்கள் என்றோம். “நமக்கு இரண்டும் இருந்ததே ஹஸ்ரத்!” என்றார். விடை சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவை முழுமையாகத் தொழுது முடித்தோம். அச்சம் வராமல் இல்லை; வந்து, நின்று, போயிற்று.

2021 ஜனவரி 19ஆம் நாள் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மீண்டும் தொடங்கின. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவான். “ஏற்று தம்பி!” என்று மூன்று முறை அதட்டினோம். நான்காம் முறை அதட்டியபோது எழுந்து வெளியே ஓடினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. அவன் ஓடிய ஓட்டம் நமக்குத் தெரிந்த ஓட்டம். வேப்பமரத்தடியில் நின்று மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி நின்று, “முதலில் மூச்சை வெளியே விடு, இழுக்காதே” என்றோம். தணிந்தபின், நமக்கும் இதே அச்சம் உண்டு என்றும், பள்ளிவாசலிலிருந்து நாமும் ஓடியிருக்கிறோம் என்றும் சொன்னோம். “ஹஸ்ரத்துக்குமா?” என்று கண்களை அகல விரித்தான். அவன் அச்சத்திற்குக் காரணம் கேட்டோம், தெரியாது என்றான். இருக்கலாம். ஒவ்வோர் அச்சத்திற்கும் ஒரு பத்தாயம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அவனைச் சன்னலோரத்தில் அமர்த்தினோம். முடியாதபோது கேட்காமலே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் வரலாம் என்று அனுமதி தந்தோம். முதல் வாரத்தில் நாளுக்கு இருமுறை போனான். பிறகு போவது குறைந்தது. போகலாம் என்ற உரிமை கையில் இருந்ததால், போக வேண்டிய தேவை அவனுக்கு மெல்ல அற்றுப்போயிற்று. அதட்டலால் மூன்று முறை ஆகாதது இதனால் ஆயிற்று.

சொல்லாராய்ச்சி நம் தொழில். அதனால் ஒன்றைக் குறிப்பிடத் தோன்றுகிறது. இக்கால அரபியில் முகக்கவசத்திற்குக் கிமாமா என்று பெயர். அதே வேரிலிருந்து பிறந்த கிமாம் என்ற சொல், கடிக்காமல் இருக்க ஒட்டகத்தின் வாயில் கட்டும் வாய்க்கூட்டைக் குறிக்கும். அந்த வேரிலிருந்தே அக்மாம் என்ற சொல்லும் பிறந்தது. பாளையையும் அரும்பையும் பொதிந்து காக்கும் உறைகளுக்கு அது பெயர். திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் பேரீச்ச மரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அச்சொல் வருகிறது. ஒரே வேர், ஒன்று அடக்கும் கட்டு, மற்றொன்று காக்கும் உறை. முதலில் நமக்கு வாய்க்கூடாகத் தெரிந்த துணி, பின்னர் உறையாகத் தெரிந்தது. துணி மாறவில்லை.

2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அந்த அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. இன்று கவசத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஆயினும் அதன் தேவை அடியோடு போய்விடவில்லை. சென்ற ஆண்டு மோதினாருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. பார்க்கப் போன இடத்தில் கவசம் அணிந்தே உள்ளே வர வேண்டும் என்றார்கள். அந்த நோயாளிகளுக்கு நம் மூச்சிலிருந்து ஒரு சாதாரணக் காய்ச்சல் தொற்றினாலும் பேராபத்து. அணிந்துகொண்டு அவர் கட்டிலருகே முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தோம். இடையில் நெஞ்சு சற்றுப் படபடத்தது. அவர் அதைக் கண்டுகொண்டார். “ஹஸ்ரத், மூடி எங்கே இருக்கிறது?” என்றார். “நம் கையில்தான்” என்றோம். இருவரும் சிரித்தோம்.

வாசகர்களுக்கு, குறிப்பாகப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கவசத்தைக் கண்டோ, மின்தூக்கியைக் கண்டோ, ஸ்கேன் செய்யும் குழாயைக் கண்டோ நடுங்கினால், கோழை என்று சொல்லி நகைக்காதீர்கள். அடம் என்று சொல்லி அடிக்காதீர்கள். உண்மையிலேயே நுரையீரலிலோ இதயத்திலோ நோய் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கு அச்சம் வந்தால் அதை அச்சம் என்றே சொல்லுங்கள். கற்ற கல்வியை எடுத்து அதன்மேல் போர்த்தாதீர்கள். துணிக் கவசத்தை ஒரு முடிச்சில் அவிழ்த்துவிடலாம். நாம் அன்று அணிந்துகொண்ட மற்றக் கவசத்தை அவிழ்க்க, மோதினார் முன்னே தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது.